பதினாலு மாத்திரை

அத்தியாயம் 19

போன வாரம் மாஸ்டரை மாடிப்படியின் நடுவில் நிற்க வைத்துவிட்டுப் போனதற்கு வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. இடுப்பு வலிக்காரியை ஏழு நாள் படியில் நிறுத்தி வைப்பது என்ன நியாயம் என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவர் கேட்டது சரிதான். இறக்கிவிடுவோம்.

தையல் யூனிட்டில் துணி வெட்டும் மாஸ்டரான அவள் ஏன் நின்றாள் என்று மறந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மாடியில் அவள் நாத்தனார் போனில் பேசிக்கொண்டிருந்தாள். குடிநீர் அலுவலகத்துக்காகப் பதினோரு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கி மீட்டர் பார்த்து எழுதியவள். இப்போது சூப்பர்வைசர் பதவி தேடி வந்திருக்கிறது. மறுநாள் மதியத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"வேணாம்னு எழுதிக் குடுத்துடப் போறேன். பெத்த அம்மாவோட மாத்திரைய எண்ணத் தெரியாதவ நான். பத்து பேர் எழுதிட்டு வர்றதை நான் சரிபாக்குறதா? நல்லாத்தான் இருக்கும் லட்சணம்!"

அதைக் கேட்டுத்தான் மாஸ்டரின் கால் படியோடு ஒட்டிக்கொண்டது. அந்த மாத்திரை ஏன் குறைந்தது என்பது உயிரோடு இருப்பவர்களில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். திருடியது அவள்தான்.

* * *

காலை ஏழு மணி. நாத்தனார் தகரப் பெட்டியின் பூட்டைத் திறந்தாள்.

மாத்திரைகளை ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டி, விரல் நுனியால் இரண்டிரண்டாகத் தள்ளி எண்ணினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி எண்ணினாள். நோட்டில் எழுதினாள். எழுதியதைப் பார்த்துவிட்டு மூன்றாவது தடவையும் எண்ணினாள்.

அந்தக் கண்ணாடி ஒரு தனிக் கதை. இரண்டு வருடத்துக்கு முன்னால், அம்மா இறந்த மாதத்திலேயே, கண்ணில் கோளாறு என்று தானே முடிவு கட்டிக்கொண்டு மூன்று டாக்டர்களைப் பார்த்தாள். மூன்று பேரும் கண் பளிங்கு மாதிரி இருக்கிறது என்றார்கள். அவள் நம்பவில்லை. கடையில் போய்ப் பவரே இல்லாத கண்ணாடி ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டாள். அன்று முதல் அது இல்லாமல் ஒரு மீட்டர் பார்ப்பதில்லை, ஒரு மாத்திரை தொடுவதில்லை.

"கையை நீட்டுங்க, அண்ணி."

உள்ளங்கையில் அரை மாத்திரை விழுந்தது.

"நேத்து வரைக்கும் ஒண்ணரை. இன்னியிலேருந்து ஒண்ணு. காலையில அரை, சாயங்காலம் ஏழு மணிக்கு அரை. நடுவுல கிடையாது. டாக்டர் எழுதினதைப் படிச்சுக் காட்டவா?"

"வேணாம் தாயே. உன் அதட்டல்லயே பாதி வலி ஓடிடுச்சு."

"மீதிப் பாதி?"

"அது எங்கேயும் போகாது. அதுக்கு நம்ம வீடு புடிச்சுப் போச்சு."

நாத்தனார் சிரித்தாள். மருந்தைப் படிப்படியாகக் குறைத்து வரும் இந்தப் பதினோரு வாரத்தில் மாஸ்டரைப் பிடித்து நிறுத்தியது அந்தச் சிரிப்புதான் என்று சொன்னால் மிகையில்லை. வேர்த்துக் கொட்டி வயிறு புரண்ட நாட்களில் பக்கெட்டைப் பிடித்தவள் அவள். பெட்டிச் சாவியைக் கேட்டு மாஸ்டர் வாய்க்கு வந்தபடி ஏசியபோது, "ஏசி முடிச்சாச்சா, தண்ணி குடிங்க" என்றவளும் அவள்தான்.

வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்த மாஸ்டரின் கணவர் தலையைத் தூக்கினார். அவர் லிஃப்ட் மெக்கானிக். வலி பத்துக்கு எத்தனை என்று டாக்டர் கேட்கும் கேள்வி, இந்த வீட்டுக்கு வந்ததும் மாடிக் கணக்காக மாறிவிட்டது.

"மாஸ்டர், இன்னிக்கு எத்தனாவது மாடி?"

"அஞ்சு," என்றாள் மாஸ்டர். உண்மையில் எட்டு.

"அஞ்சுன்னா காத்தோட்டமாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு அவர் பையைத் தூக்கிக்கொண்டு போனார். மனுஷனுக்கு எதையும் சிரித்தபடியே விசாரிக்கத்தான் தெரியும். கவலையை மட்டும் படிக்கட்டு இறங்கிய பிறகு தனியாகப் படுவார்.

நாத்தனார் தோள்பையில் டார்ச்சையும் மீட்டர் மூடி தூக்குகிற கொக்கியையும் போட்டாள். கடைசியாக ஒரு பழுப்புக் கவரை வைத்து ஜிப்பை இழுத்தாள்.

மாஸ்டர் அந்தக் கவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

* * *

நாலு வருடத்துக்கு முன்னால், தையல் யூனிட்டில் ஒரு துணி ரோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஏணியிலிருந்து இறங்கும்போது மாஸ்டர் விழுந்தாள். முதுகெலும்பில் இரண்டு இடத்தில் அடி. இடுப்பிலிருந்து இடது கணுக்கால் வரை ஒரு வலி குடிவந்தது, இன்றுவரை காலி பண்ணவில்லை.

மாத்திரை அதற்காகத்தான் வந்தது. நல்லதுதான் செய்தது. ஒன்று இரண்டானது, இரண்டு ஆறானது. ஒரு டாக்டர் எழுதியது போதாமல் இன்னொருவர் எழுதியது, அதுவும் போதாமல் மருந்துக்கடைக்காரர் முகதாட்சண்யத்துக்குக் கொடுத்தது. வலிக்காகப் போட்ட காலம் போய், போடாவிட்டால் உடம்பு படுத்தும் பாட்டுக்குப் பயந்து போட்ட காலம் வந்தது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் மாமியார் படுக்கையில் விழுந்தார். புற்றுநோய், எலும்பு வரை போயிருந்தது. வாரத்துக்கு ஒருநாள் நர்ஸ் வருவார். ஒரு நாளைக்கு ஆறு, ஏழு நாளைக்கு நாற்பத்திரண்டு. ஒன்றுகூட அதிகம் தரமாட்டார், ஒரு நாள்கூட முன்னதாகத் தரமாட்டார். அந்த மருந்துக்கு அவ்வளவு கட்டுப்பாடு. அலாரம் வைத்து எழுந்து நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் அம்மாவுக்குக் கொடுத்து வந்தவள் நாத்தனார்.

மாமியாரின் கடைசி வாரம் தொடங்கிய அன்று, மாஸ்டருக்குக் கடையில் மாத்திரை கிடைக்காமல் கை அவர் மாத்திரைப் பெட்டிக்குப் போனது. இந்த ஒருதரம்தான் என்று சொல்லிக்கொண்டுதான் போனது. அப்புறம் தினமும் போனது.

அந்த வாரம் பெட்டி ஐந்தாம் நாளே காலியாகிவிட்டது. அதற்குப் பிறகு அந்த அறையிலிருந்து வந்த முனகலை இந்த வீட்டுச் சுவர்கள் மறந்திருக்கலாம், மாஸ்டர் மறக்கவில்லை. இரண்டு நாளுக்கு மேலாக அது நிற்கவில்லை. எட்டாம் நாள் காலை நர்ஸ் புது மாத்திரையோடு வந்தபோது வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

"எப்படிக் குறைஞ்சுது?" என்று நர்ஸ் கேட்டார்.

"நான்தான் தூக்கக் கலக்கத்துல ரெண்டு ரெண்டா குடுத்திருக்கேன் போல. எண்ணுறதுல தப்பு பண்ணிட்டேன்," என்று நாத்தனார் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள்.

அப்போது மாஸ்டர் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். "இருக்கும்மா, இருக்கும். நீயும் மனுஷிதானே," என்றாள்.

மாத்திரை எடுத்ததைக்கூட வலியின் தலையில் கட்டிவிடலாம். அந்த வார்த்தையை யார் தலையில் கட்டுவது? அது அவளே, நிதானமாக, தன் வாயால் சொன்னது.

இப்போது மருந்து குறையக் குறைய முனகல் கேட்கிறது. குழாய் சொட்டும்போது கேட்கிறது, அடுத்த வீட்டுக் கதவு உரசும்போது கேட்கிறது. மருந்து குறையும்போது காது கூர்மையாகும், பயப்படாதீர்கள் என்றார் டாக்டர். பேயாக இருந்தால்கூடப் பரவாயில்லை என்று மாஸ்டருக்குத் தோன்றும். பேய்க்காவது ஒரு நேரம் காலம் உண்டு. இது மிக்ஸி ஓடும்போதுகூட வருகிறது.

* * *

யூனிட்டில் அன்று பள்ளிச் சீருடை. நீலத் துணியை எண்பது அடுக்காக விரித்து, மேலே அச்சுத் தாளைப் போட்டு, மெஷின் கத்தியால் ஒரேயடியாக வெட்ட வேண்டும். கத்தி நேராக நிற்க வேண்டும். ஒரு நூலிழை சாய்ந்தாலும் மேல் துணி ஒரு அளவு, அடித் துணி வேறு அளவு ஆகிவிடும்.

மருந்து குறைக்கும் நாளில் கத்தியைத் தொடக் கூடாது என்பது மாஸ்டர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். அதனால் இன்று அளவு குறிப்பது மட்டும்தான். அரை மணிக்கு ஒருதரம் கடிகாரம் பார்த்து எழுந்து, மேஜையைச் சுற்றி ஒரு நடை, சுவரோடு முதுகை ஒட்டி ஒரு நிமிடம். வலியைத் துரத்துவதை விட்டு அதோடு வேலை பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். "கூட ஒரு சம்பளமில்லாத ஆள் மாதிரி," என்று மாஸ்டர் சொன்னதற்கு அவரே சிரித்துவிட்டார்.

பத்தரை மணிக்குக் காலர் தைக்கிற பெண் வந்தாள். கண் சிவந்து மூக்கு உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"மாஸ்டர், என் கை போயிடுச்சு. காலர் ரெண்டு பக்கமும் சேரவே மாட்டேங்குது. நாலு தடவை பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சுட்டேன். எட்டு வருஷத்துல இப்படி ஆனதே இல்ல."

மாஸ்டர் அவள் கொண்டுவந்த துணிக்கட்டின் மேல் துண்டையும் அடித் துண்டையும் உருவி ஒன்றன்மேல் ஒன்று வைத்தாள். ஒரு நகத்தின் அகலம் வித்தியாசம். கட்டுக்குள் செருகியிருந்த, வெட்டிய நேரம் எழுதிய சீட்டைப் பார்த்தாள். நேற்று மாலை நாலு மணி. நேற்று கத்தி பிடித்தது அவளேதான்.

அந்த யூனிட்டில் ஒரு வழக்கம் உண்டு. தப்பாக வெட்டியவர் அந்தக் கட்டின்மேல் சாக்பீஸால் தன் அடையாளத்தைப் போட்டு, தையல் வரிசைக்குத் தானே நடந்துபோய்ச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தைப்பவர்கள் தங்கள் கைதான் கோளாறு என்று நாள் பூராவும் பிரித்துப் பிரித்து உயிரை விடுவார்கள். அந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்ததும் மாஸ்டர்தான், பத்து வருடத்துக்கு முன்னால்.

சாக்பீஸை எடுத்து, கட்டின்மேல் பெரிதாக 'மாஸ்டர்' என்று எழுதினாள்.

"உன் கை இல்லம்மா. என் கை. நேத்து கத்தி சாஞ்சுடுச்சு."

அந்தப் பெண் முகத்தில் முதலில் உயிர் வந்தது. அடுத்த நொடி கோபம் வந்தது.

"ஏன் மாஸ்டர், எட்டு மணியிலேருந்து உக்காந்து அழுதுட்டிருக்கேன்! வெட்டி முடிச்சதும் ஒருதரம் வெச்சுப் பாத்திருக்கலாம்ல?"

"பாத்திருக்கணும்," என்றாள் மாஸ்டர். "திட்டு. நல்லா திட்டு."

அவள் திட்டிவிட்டுப் போனாள். இரண்டரை மணி நேரம் அழுததற்கே அந்தத் திட்டு. இரண்டு வருடம் அழுதவளிடம் என்ன கிடைக்கும்?

சொன்னால் என்ன போகும் என்பது அவளுக்குத் தெரியும். பெட்டிச் சாவி போகும். அந்தச் சாவி வேறு யாரிடம் இருந்தாலும் அவள் ஒரு வாரம் தாங்கமாட்டாள், கணவரைக் கெஞ்சியே கரைத்துவிடுவாள். வீடே போனாலும் போகும். சொல்லாவிட்டால் நாத்தனாரின் பதவி போகும், அவ்வளவுதான். ஊரில் எத்தனையோ பேர் பதவி இல்லாமல் இல்லையா?

இந்தக் கேள்வியை அவள் எழுந்து நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு முதலாளியிடம் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டாவது மாடியிலிருந்து ஒன்பதாவதுக்குப் போனாள்.

* * *

குடிநீர் அலுவலகத்தின் வராந்தாவில் ஒரு நீள பெஞ்ச். பில் அதிகம் வந்தவர்கள் வரிசையில் நின்று ஒருவருக்கொருவர் பில்லைக் காட்டி ஆறுதல் தேடிக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் காலை ரவுண்டை முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கையில் அந்தக் கவர்.

"அண்ணி? என்ன ஆச்சு? அண்ணாவுக்கு ஏதாவது…?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. உக்காரு."

"நீங்க முதல்ல உக்காருங்க. மூஞ்சி சுண்ணாம்பா இருக்கு. எத்தனாவது மாடி?"

"மாடிய விடு. கவரைக் குடுத்துட்டியா?"

"எந்தக் கவரு? உங்களுக்கு யாரு சொன்னா?"

"படியில நின்னு கேட்டேன். அதைக் குடுக்காதே."

நாத்தனார் பெருமூச்சு விட்டாள். "அண்ணி, இதைப் பத்திப் பேச வேணாம். நான் எழுதுறதை இன்னொருத்தர் சரிபாக்கணும். நான் யாரையும் பாக்கக் கூடாது. ஏன்னு உங்களுக்கே தெரியும்."

"எனக்குத்தான் தெரியும்."

பஸ்ஸில் வரும்போது மூன்று விதமாக ஒத்திகை பார்த்திருந்தாள். மருந்தின் பிடி எப்படிப்பட்டது என்று ஆரம்பிப்பது ஒன்று. மன்னிப்பில் ஆரம்பிப்பது ஒன்று. எல்லாம் ஓடிப்போய்விட்டது.

"அத்தையோட மாத்திரைய நான் எடுத்தேன்."

நாத்தனாருக்குப் புரியவில்லை. "எடுத்துக் குடுத்தீங்களா? எப்ப?"

"எடுத்துப் போட்டுக்கிட்டேன். நான். என் வாயில."

ஒரு பெரியவர் குறுக்கே வந்து, "மேடம், பேர் மாத்துறதுக்கு எந்த ஜன்னல்?" என்று கேட்டார். "மூணாவது," என்றாள் நாத்தனார் அவரைப் பார்க்காமலே. அவர் போனார். அவள் இன்னும் மாஸ்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அழுவாள், அடிப்பாள் என்றெல்லாம் மாஸ்டர் எதிர்பார்த்தாள். பதினோரு வருடம் எண்களோடு வாழ்ந்தவளுக்கு வேறு மாதிரி வந்தது.

"எத்தனை?"

"என்னம்மா?"

"கடைசி வாரம். எத்தனை எடுத்தீங்க?"

"முதல் நாலு நாள் மூணு மூணு. அஞ்சாம் நாள் ரெண்டு. அதுக்கப்புறம் பெட்டியில ஒண்ணும் இல்ல."

நாத்தனாரின் உதடு அசைந்தது. "பன்னெண்டு. ரெண்டு. பதினாலு." விரலை மடக்கினாள். "அஞ்சாம் நாள் சாயங்காலம் ரெண்டு வேளை. ஆறாம் நாள் ஆறு. ஏழாம் நாள் ஆறு. அம்மாவுக்குப் பதினாலு வேளை இல்லாமப் போச்சு. எனக்கும் பதினாலுதான் குறைஞ்சுது. ராத்திரி ராத்திரியா போட்டுப் பாத்திருக்கேன், பதினாலுக்கு எனக்குக் கணக்கே கிடைக்கல."

கண்ணாடியைக் கழற்றினாள். அதை என்ன செய்வது என்று தெரியாத மாதிரி கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப நான் சரியாத்தான் எண்ணியிருக்கேன்," என்றாள்.

மாஸ்டர் தலையாட்டினாள். "சரியாத்தான் எண்ணினே. ஒரு வேளைகூடத் தப்பல. 'நீயும் மனுஷிதானே'ன்னு உன் முதுகைத் தடவினேன் பாரு, அந்தக் கை…"

"போதும்."

நாத்தனார் எழுந்தாள். பையை மாட்டினாள். வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள்.

"வீட்டுக்குப் போங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கவர் கையில்தான் இருந்தது.

* * *

பஸ் நிறுத்தத்துக்கு முன்னால் பழைய மருந்துக்கடை. மாஸ்டர் கடையைப் பார்த்த நொடியில் கடைக்காரரும் அவளைப் பார்த்துவிட்டார். அவள் வாய் திறப்பதற்குள் அவர் கை பின்னால் இருந்த அலமாரிக்குப் போனது.

உடம்பு முழுக்க ஒரே குரலில் கேட்டது. ஒரு அட்டை போதும். இன்று ஒருநாள். இன்றைக்கு இல்லாவிட்டால் வேறு என்றைக்கு?

"பல் தேய்க்கிற பிரஷ் ஒண்ணு குடுங்க," என்றாள்.

வீட்டில் ஏற்கெனவே பதினொன்று இருக்கிறது. இப்படி ஒவ்வொருதரம் தப்பித்தபோதும் வாங்கியது. நம் வீட்டில் பல்லைவிட பிரஷ் ஜாஸ்தியாகிவிடும் போலிருக்கிறது என்று கணவர் சொல்வதுண்டு. பன்னிரண்டாவதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

* * *

ஆறு மணிக்கு நாத்தனார் வந்தாள். தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மா படுத்திருந்த அறை அது, அதே கட்டில்.

மாஸ்டர் கூடத்துத் தரையில் மல்லாந்து, நாற்காலியின் மேல் கால்களைத் தூக்கி வைத்திருந்தாள். டாக்டர் சொல்லிக்கொடுத்த படுக்கை. கடிகாரம் ஆறரை என்றது. ஆறே முக்கால் என்றது. வேர்க்க ஆரம்பித்தது.

சாவி உள்ளே இருப்பவளிடம். ஏழு மணிக்கு அவள் வராவிட்டால்? வர வேண்டும் என்று கேட்க எனக்கு என்ன பாத்தியதை? பதினாலு வேளை பெற்ற தாய்க்கு இல்லாமல் செய்தவளுக்கு ஒரு வேளை இல்லாமல் போனால் யார் தப்புச் சொல்லுவார்கள்? நானே சொல்லமாட்டேன். இப்படி நினைத்துக்கொண்டே மாஸ்டர் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். கேட்கக் கூடாது, கூப்பிடக் கூடாது என்று பல்லைக் கடித்தாள்.

சரியாக ஏழு மணிக்குக் கதவு திறந்தது.

தகரப் பெட்டி, வெள்ளைத் தட்டு. நாத்தனார் இன்று ஒரே ஒருதரம் எண்ணினாள். நோட்டில் எழுதினாள்.

"கையை நீட்டுங்க."

அரை மாத்திரை விழுந்தது. மாஸ்டருக்கு வாயில் போடக் கை வரவில்லை.

"போடுங்க. டாக்டர் ஏழு மணின்னு எழுதியிருக்காரு, ஏழு மணிக்குக் குடுக்குறேன். உங்க மேல இரக்கப்பட்டு இல்ல. குடுக்க வேண்டியதைக் குடுக்காம ஒருத்தி துடிக்கிறதை இன்னொருதரம் என்னால பாக்க முடியாது, அவ்வளவுதான்."

மாஸ்டர் எழுந்து உட்கார்ந்து போட்டுக்கொண்டாள்.

"கவரைக் கிழிச்சுட்டேன்," என்றாள் நாத்தனார். "வர்றேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்தேன். அதுக்காக உங்களை மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க."

"நெனைக்கல."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு கேக்கணும்." அவள் தரையில் உட்கார்ந்தாள். குரல் இறங்கிவிட்டது. "அம்மாவுக்குத் தெரியுமா?"

இந்தக் கேள்விக்குத்தான் மாஸ்டர் இரண்டு வருடமாகப் பயந்தாள். தெரியாது என்று சொல்லிவிடலாம். மறுத்துச் சொல்ல யாருமில்லை. அந்தப் பெண்ணாவது கொஞ்சம் நிம்மதியாகத் தூங்குவாள். ஆனால் "இருக்கும்மா, இருக்கும்" என்று சொன்னதும் இதே மாதிரி ஒரு நிம்மதிக்காகத்தான்.

"தெரியும்," என்றாள்.

நாத்தனார் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"ஒருநாள் மத்தியானம். நீ குளிக்கப் போயிருந்தே. தூங்குறாங்கன்னு நெனச்சுப் பெட்டியத் திறந்தேன். கண்ணு முழிச்சுப் பாத்தாங்க. மாத்திரை என் கையில இருக்கு. கத்தப் போறாங்க, உன்னைக் கூப்பிடப் போறாங்கன்னு நெனச்சேன். 'உனக்கும் வலிக்குதா'ன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னேன்."

"அப்புறம்?"

"சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க. நான் போடுறதைப் பாக்க வேணாம்னு. அப்புறமும் யார்கிட்டயும் சொல்லல. கடைசி ரெண்டு நாள் அவ்வளவு துடிச்சாங்களே, அப்பக்கூட என் பேரைச் சொல்லல."

நாத்தனார் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. மாஸ்டரின் கை அவள் முதுகை நோக்கித் தானாக எழுந்தது. பாதியில் அதைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டாள்.

வாசலில் கருவிப் பை தரையில் விழுகிற சத்தம் கேட்டது.

கணவர் நின்றுகொண்டிருந்தார். ஒரு காலில் ஷூ, ஒரு காலில் இல்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியாது. வழக்கமாகக் கேட்கும் மாடிக் கேள்வி வரவில்லை.

"யாரு துடிச்சாங்க? எங்க அம்மாவைப் பத்தியா பேசிட்டிருக்கீங்க?"

மாஸ்டர் நாத்தனாரைப் பார்த்தாள். நீயே சொல்லிவிடேன் என்று அந்தப் பார்வை கெஞ்சியது. நாத்தனார் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். அண்ணனுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காரு, அண்ணா," என்றாள். பிறகு மாஸ்டரின் பக்கம் திரும்பினாள்.

"சொல்லுங்க. எனக்குச் சொன்ன மாதிரியே சொல்லுங்க. ஒண்ணுகூடக் குறைக்காம."